வாய்மொழி மன்றாட்டும் நம்பிக்கைச் சொல்லும்: தமிழ்க் கிறித்தவ வழிபாட்டு மொழியின் வரலாறு – பெங்களூருச் சூழலை முன்வைத்து

1. முன்னுரை

கிறித்தவ வாழ்வில் செபம் உள்ளத்தின் செயல். அதே அளவுக்கு வாயின் செயலும் ஆகும். நெஞ்சின் நம்பிக்கையையும் வாயின் அறிக்கையையும் பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் பத்தாம் இயலில் இணைத்தே பேசுகிறார். உரக்கச் சொல்லும் செபத்துக்குத் திருச்சபை அளித்துவரும் இடத்திற்கு இவ்விணைப்பு ஓர் அடிப்படையாகும். இறையியலார் இதனை நம்பிக்கையின் பொருளாக ஆராய்வர். மொழியியலார்க்கு எழும் வினா வேறு. பலர் கூடி ஒரே குரலில் சொல்லும் ஒரு பனுவல் வேற்று மொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது எந்தச் சொல் வாயில் நிலைக்கிறது, எந்தச் சொல் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது, நிலைத்த சொல்லைப் பின்னர் மாற்ற முனைவோர் எதனை எதிர்கொள்கின்றனர் என்பதே அவ்வினா.

இச்செயலுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் பெயர்களே இவ்வினாவின் சிக்கலைக் காட்டுவன. ‘ஜெபம்’ என்பது வடமொழி ‘ஜப’ என்பதன் வழி வந்தது. தாழ்ந்த குரலில் முணுமுணுத்து உருவேற்றுவதே அதன் முதற்பொருள். அச்சொல்லே தமிழில் ஊர் கேட்க உரக்கச் சொல்லும் வேண்டுதலுக்கும் பெயராயிற்று. ‘மன்றாட்டு’ என்பதோ மன்றில் நின்று வழக்குரைத்தல் என்னும் பொருளிலிருந்து இரந்து வேண்டுதல் என்னும் பொருளுக்கு விரிந்த சொல். அவையும் குரலும் அதன் பகுதியிலேயே அடங்கியுள்ளன. ஒன்று தனியொருவரின் உதட்டசைவிலும் மற்றொன்று பொதுவிடத்துப் பேச்சிலும் தோன்றியவை. இன்று இரண்டும் ஒரே செயலைக் குறிக்கின்றன.

இவ்வாய்வுக்குப் பெங்களூரு ஏற்ற களம். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், கொங்கணி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அங்குக் கிறித்தவ வழிபாடு நிகழ்கிறது. அங்குள்ள தமிழரில் ஒரு பகுதியினர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ கல்வி கற்றவர்கள். அவர்களுள் தமிழ் எழுத்தறியாதார்க்குச் செபம் முற்றிலும் காதால் கேட்டு வாயால் சொல்லும் பனுவலாகவே உள்ளது. ஆயினும் வரலாற்றின் தொடக்கத்தைப் பெங்களூருவில் அன்று, முத்துக்குளித்துறையிலேயே தேட வேண்டும்.

2. மணியோசையும் மனப்பாடமும்

1542இல் கோவாவுக்கு வந்த பிரான்சிசு சவேரியார் அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். அப்பகுதிப் பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தும் செபங்களை அறியாதிருந்தனர். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிப் பல நாள் முயன்று சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னை வாழ்த்து ஆகியவற்றை அவர் தமிழாக்கச் செய்தார். பின்னர் அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருக்களில் நடந்து சிறுவரையும் பெரியோரையும் திரட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தோழர்களுக்கு எழுதிய மடலில் இம்முறையை அவர் விளக்கியுள்ளார். தாம் ஒரு தொடரைச் சொல்ல மக்கள் அதனைத் திருப்பிச் சொல்வர். நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் அதனை உறுதியாக நம்புகிறீர்களா என அவர் வினவுவார். மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்கே வைத்து நம்புவதாக உரத்துக் கூறுவர். சிறுவர் தாம் கற்றதை வீடு சென்று பெற்றோர்க்குக் கற்பிப்பர்.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, செபம் எழுத்தின் துணையின்றியே பரவியது. இரண்டாவது, கற்பித்தவரும் அம்மொழியை அறியாதவர். தாம் சொல்வதன் சொல்லுக்குச் சொல் பொருளை அவர் பிறரைக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. மூன்றாவது, நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது ஒரே ஒரு வினைச்சொல். அச்சொல் பிழையானால் அறிக்கை முழுவதும் பிழையாகும். அப்பிழை நேரவும் செய்தது.

3. ‘வேண்டும்’ என்பதும் ‘விசுவாசம்’ என்பதும்

1544இல் தம் உடனுழைப்பாளர் பிரான்சிசுகோ மான்சில்லாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் சவேரியார் இரு திருத்தங்களை அறிவுறுத்துகிறார். நம்பிக்கை அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ எனச் சொல்லப்பட்டுவந்த இடத்தில் ‘வேணும்’ என்பதை நீக்கி, ‘விசுவாசம்’ எனக் கொள்ளத்தக்க சொல்லை இடச்செய்கிறார். முன்னது விரும்புதலையும் பின்னது நம்புதலையும் குறிக்கும் என்பது அவர் தரும் காரணம். கிறித்துவின் பாடுகளைப் பற்றிய பகுதியில் ‘வன்பினாலே’ எனக் கொள்ளத்தக்க சொல்லையும் விலக்கச் சொல்கிறார். அது வலிந்து திணிக்கப்பட்டதைக் குறிக்கும் என்றும், கிறித்து தம் விருப்பத்தோடு பாடுபட்டார் என்றும் விளக்குகிறார்.

தமிழில் கிறித்தவ மொழிபெயர்ப்புத் திறனாய்வு குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று எனலாம். பிழை தோன்றியமைக்குக் காரணம் கூற இயலும். ‘எனக்கு வேணும்’ என்பது அன்றாடப் பேச்சின் தொடர். உள்ளத்து நிலைகளைக் குறிக்கும்போது தமிழ் எழுவாயை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவது இயல்பு: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும். நம்புதலையும் ஓர் உள்ள நிலை எனக் கருதிய மொழிபெயர்ப்பாளர் அவ்வமைப்பை நாடியிருத்தல் கூடும். சவேரியார் சொல்லை மாற்றினார். ‘எனக்கு’ என்னும் வேற்றுமை அமைப்பு அப்படியே நின்றது. தமிழ் வழிபாட்டு மொழியில் பின்னர் நிலைபெற்ற ‘விசுவசிக்கிறேன்’ என்னும் வடிவமே அவ்வமைப்பை மாற்றிற்று.

இம்மாற்றம் சிறிதன்று. ‘எனக்கு விசுவாசம் உண்டு’ என்பது ஒருவர் தம்மிடத்துள்ள ஒன்றைப் பற்றித் தரும் செய்தி; அதனை மெய்யா பொய்யா என ஆராயலாம். ‘விசுவசிக்கிறேன்’ என்பது சொல்லும் அளவிலேயே நிகழும் செயல். 1955இல் ஆற்றி 1962இல் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில் ஜே. எல். ஆஸ்டின் விளக்கிய நிகழ்த்துமொழிக் கோட்பாடு இத்தகைய தன்மை ஒருமை நிகழ்கால வினைகளையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. வாயினால் அறிக்கையிடுதல் என்பதற்குரிய இலக்கண வடிவத்தைத் தமிழ் வழிபாட்டு மொழி எழுவாய் வேற்றுமையிலும் ‘-ஏன்’ விகுதியிலும் கண்டது எனலாம். நூறு பேர் கூடிச் சொல்லும்போதும் அவ்விகுதி ஒருமையாகவே நிற்பது நோக்கத்தக்கது. குரல் பொதுவானது, பொறுப்போ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது.

4. அச்சும் வாயும்

வாய்வழிப் பரவிய செபம் விரைவில் அச்சேறியது. 1554இல் லிசுபனில் வெளிவந்த செப நூலில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியச் சொற்பொருளுடன் அச்சிடப்பட்டன. வின்சென்டே த நசரேத், ஜார்ஜ் கார்வால்யோ, தோமா த குருசு என்னும் மூன்று தமிழர் அதன் ஆக்கத்தில் பங்கேற்றனர். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இந்திய மொழியொன்று தன் எழுத்தில் இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சேறியபோது அச்சேறிய பொருள் செபமும் மறைக்கல்வியுமே என்பது அறிஞர் அறிந்தது. அந்நூல்கள் வாயால் ஓதப்படுவதற்கு உதவும் ஏடுகளாகவே இருந்தன என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

அடுத்த நூற்றாண்டுகளில் செபமொழி பல அடுக்குகளைப் பெற்றது. போர்த்துக்கீசிய அடுக்கில் ‘இஸ்பிரீத்து சாந்து’ போன்ற சொற்கள் நின்றன. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் மரபில் வடமொழி அடுக்கு வலுப்பெற்று, ‘சர்வேசுரன்’, ‘அர்ச்சியசிஷ்ட’, ‘பிரியதத்தம்’ முதலிய சொற்கள் கத்தோலிக்கர் நாவில் பதிந்தன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714–15இல் வெளிவந்தது. 1772இல் வெளிவந்த பப்ரிசியசின் புதிய ஏற்பாடும் 1796இல் நிறைவுற்ற பழைய ஏற்பாடும் லுத்தரன் சபைகளில் பெருமதிப்புப் பெற்றன. பின்வந்த திருத்தங்களை அச்சபைகள் நெடுங்காலம் ஏற்கத் தயங்கின. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பு பிற சீர்திருத்தச் சபைகளில் அதே இடத்தைப் பெற்றது.

எந்தப் பதிப்பு வென்றது என்பதைப் புலமைச் சிறப்பு மட்டும் முடிவு செய்யவில்லை. வாயில் எது முன்னர்க் குடியேறியது என்பதும் முடிவு செய்தது. சவேரியாரின் திருத்தம் எளிதில் செல்ல முடிந்ததற்கு அப்பனுவலுக்கு அன்று இரண்டாண்டு அகவையே ஆகியிருந்தமை ஒரு காரணம் ஆகலாம். நூறாண்டு பழகிய பனுவலில் திருத்துவோர் மாற்ற வேண்டியது ஏட்டை மட்டுமன்று, தலைமுறைகளின் நாப்பழக்கத்தையும் ஆகும்.

இப்பழக்கத்துக்கு ஒலியமைப்பும் துணை நிற்கிறது. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வருவது. வேண்டுதல்களில் அது ‘-ஆக’, ‘-க’ என முடியும் வியங்கோளாக அமைகிறது. பலர் சேர்ந்து சொல்லும்போது விரைவோரும் தாமதிப்போரும் ஒன்றுகூடும் இடம் இவ்விறுதியே. ‘பரிசுத்தப்படுவதாக’ போன்ற நீண்ட வினைமுற்றுகள் ஏட்டில் சுமையாகத் தோன்றினும் கூட்டுக் குரலில் மூச்சை முடிக்கும் தூண்களாகப் பயன்படுகின்றன. அவற்றைச் சுருக்க முனையும் மொழிபெயர்ப்பாளர் பொருளைக் காத்தும் ஓசையை இழக்க நேரிடும்.

5. முன்னிலையும் தன்மையும்

உரக்கச் சொல்லும் செபத்தில் யார் யாரை நோக்கிப் பேசுகின்றனர் என்பதை ஒவ்வொரு தொடரும் காட்டியாக வேண்டும். இதில் தமிழின் இடப்பெயர் அமைப்பு இருவகையில் செயற்படுகிறது.

முதலாவது முன்னிலை. சைவ, வைணவப் பத்தி இலக்கியம் இறைவனைப் பெரும்பாலும் ‘நீ’ என விளித்தது. கிறித்தவச் செபமரபில் நிலைத்தது ‘நீர்’, ‘உம்’ என்பதே. போர்த்துக்கீசியச் செபத்தில் இறைவனுக்குப் பன்மை முன்னிலை வழங்குகிறது. செருமானியத்தில் ஒருமை முன்னிலையே வழங்குகிறது. ஒருமை வழங்கும் மொழியினர் பணியாற்றிய சபைகளிலும் ‘உம்முடைய’ என்பதே வேரூன்றியது. ஆகவே இத்தேர்வை மூலமொழியின் செல்வாக்காக மட்டும் கொள்ள இயலாது. தமிழ்ச் சமூகத்தின் மரியாதை வழக்கே இதனை முடிவு செய்தது எனக் கருத இடமுண்டு. இன்று பொதுத் தமிழ்ப் பேச்சில் ‘நீர்’ அருகிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழிலும் சில தென்வட்டார வழக்குகளிலும் எஞ்சியுள்ளது. ‘தாரும்’, ‘இரங்கும்’, ‘மன்னியும்’ என்னும் ஏவல் வடிவங்களின் நிலையும் அத்தகையதே. செபத்திலோ இவை முழு உயிருடன் வழங்குகின்றன. பெந்தெகோஸ்தே சபைகளில் எழுதாத செபத்தை உரக்க மொழியும் எளிய மக்களும் இவ்வடிவங்களைத் தடையின்றிக் கையாள்கின்றனர். ‘ஆண்டவரே’, ‘பிதாவே’ என்னும் விளிகள் அடுத்த தொடரை அமைத்துக்கொள்ளக் கால இடைவெளி தருகின்றன. இரட்டை வழக்கில் உயர் வழக்கு பள்ளியாலேயே கைவரும் என்னும் பொதுக்கருத்துக்கு இது ஒரு விலக்கு.

இரண்டாவது தன்மைப் பன்மை. ‘நாம்’ முன்னிலையாரை உட்படுத்தும், ‘நாங்கள்’ விலக்கும். வழிபாட்டை நடத்துபவர் மக்களை நோக்கி ‘மன்றாடுவோமாக’ என்னும்போது ‘நாம்’ என்பது உள்ளுறையாக நிற்கிறது. இறைவனை நோக்கித் திரும்பியவுடன் ‘எங்கள்’ என்பதே வர வேண்டும். ‘நம்’ என்றால் இறைவனும் வேண்டுவோருள் ஒருவர் ஆகிவிடுவார். கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் ஆகியவற்றில் இவ்வேறுபாடு இல்லை. மூலத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் தாமே தேர வேண்டியிருந்தது. மக்களிடமிருந்து இறைவனிடம் திரும்பும் கணத்தைத் தமிழ் இவ்வாறு இலக்கணத்தாலேயே குறித்துவிடுகிறது.

6. பெங்களூருவில் செபமொழி

1809இல் ஆங்கிலேயர் பெங்களூருவில் படைமுகாம் அமைத்தபின் தமிழர் குடியேற்றம் பெருகியது. 1820இல் இலண்டன் மிஷனும் 1821இல் வெசுலியன் மிஷனும் அங்குப் பணி தொடங்கின. இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியில் உள்ள தூய மரியன்னை ஆலயத்தின் தொடக்கத்தை, செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவரோடு அத்திருத்தல வரலாறு இணைக்கிறது. 1882இல் நிறைவுற்ற அதன் கோதிக் கட்டடம் 1973இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்த காலத்தில் கத்தோலிக்க மக்கள் தம் மொழியில் உரக்கச் சொன்னவை செபமாலையும் மன்றாட்டுமாலையுமே ஆகும்.

மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இந்நகருக்குப் பங்குண்டு. 1910இல் நிறுவப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்த டென்மார்க்கு அறிஞர் எல். பி. லார்சன் அப்பொறுப்பிலிருந்து விலகியபின் தமிழ் விவிலியத் திருத்தத்தில் ஈடுபட்டார். அவர் திருத்தம் பின்வந்த திருத்தங்களுக்கு வழிகோலியும், 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை மக்கள் நாவிலிருந்து பெயர்க்கவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் வெளியிட்ட திருவிருந்து முறைமை சபையார் உரக்கப் பங்கேற்கும் பகுதிகளுக்குச் சிறப்பிடம் தந்தது. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கை விளக்கம் கத்தோலிக்கர்க்குத் தாய்மொழி வழிபாட்டின் வாயிலைத் திறந்தது. 1967இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவம் தோன்றியது. அதனை வழிநடத்திய து. சி. அமலோர்பவதாசு அடிகளார் தமிழர். இந்தியப் பண்பாட்டுக்கேற்ற வழிபாடு குறித்த 1969ஆம் ஆண்டின் பன்னிரு கூறுகள் நடைமுறைக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது.

இம்மாற்றத்தின்போது கத்தோலிக்கச் செபமொழி தனித்தமிழ் நோக்கிப் பெயர்ந்தது. ‘பிதா’ தந்தை ஆயிற்று. ‘பரலோகம்’ விண்ணுலகம் ஆயிற்று. ‘பிரியதத்தம்’ அருள் ஆயிற்று. ‘பூசை’ திருப்பலி ஆயிற்று. சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் ‘பரமண்டலங்கள்’, ‘பிதா’, ‘கிருபை’ என்பவற்றிலேயே நின்றன. இரு மரபும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தும் சீர்திருத்தச் சபைகளின் பொதுவழிபாட்டில் பழைய மொழிபெயர்ப்பே இன்றும் மேலோங்கியுள்ளது.

இதனால் விளைந்த ஒரு சிக்கல் மொழிபெயர்ப்பாளரின் தனிக் கவனத்துக்குரியது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் இயல் கூறும் மூன்று பண்புகளைப் பழைய மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயரிடுகிறது. பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று பெயரிடுகிறது. ஆகவே ‘நம்பிக்கை’ என ஒருவர் உரக்கச் சொல்லும்போது, கத்தோலிக்கர் செவியில் முதற்பண்பும் சீர்திருத்தச் சபையினர் செவியில் இரண்டாம் பண்பும் ஒலிக்கக்கூடும். ‘விசுவாசம்’ என்பதிலும் தனிச்சிறப்பு உண்டு. நன்றியுள்ள பணியாளரின் உண்மைத்தன்மையையும் அது தமிழில் குறிக்கும். பற்றுறுதி, உண்மைத்தன்மை ஆகிய இரண்டையும் தழுவும் கிரேக்கச் சொல்லுக்கு அது பொருத்தமாகவே அமைந்தது. ‘நம்பிக்கை’ என்பதோ எழுத்தறியாதார்க்கும் விளக்கமின்றிப் புரிவது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றின் வளம் குறைகிறது.

பெங்களூருவில் இச்சிக்கலுடன் கன்னடச் சூழலும் சேர்கிறது. இன்றைய கன்னடத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு இல்லை. ‘நம்ம’ ஒன்றே இரண்டுக்கும் பொது. தமிழின் ‘எங்கள்’ போலவே தெலுங்கின் ‘மா’, மலையாளத்தின் ‘ஞங்ஙளுடெ’ ஆகியவையும் இறைவனை விலக்கி விளிப்பன. பன்மொழிக் கூட்டங்களில் கர்த்தர் கற்பித்த செபத்தை அவரவர் தாய்மொழியில் ஒரே நேரத்தில் சொல்லும் வழக்கம் உண்டு. அப்பொழுது ஒரே கூரையின் கீழ் இருவகை இலக்கணங்கள் ஒலிக்கின்றன. எனினும் தமிழ் வியங்கோளின் இறுதியும் கன்னடத்து ‘-அலி’ இறுதியும் தொடரின் முடிவிலேயே அமைவதால் குரல்கள் ஏறத்தாழ ஒன்றாக அடங்குகின்றன. கன்னடப் பேச்சில் வளர்ந்த தமிழ்ச் சிறார் பொதுப்பேச்சில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் மயங்க வழங்கினும், மனப்பாடச் செபத்தில் ‘எங்கள்’ பிறழ வாய்ப்பில்லை. தொடர் முழுமையாகவே அவர் நாவில் தங்கியுள்ளது. செபம் எம்மொழியில் நிகழ வேண்டும் என்பது கர்நாடகத் திருச்சபையில் உரிமைச் சிக்கலாகவும் பலமுறை எழுந்துள்ளது. உரக்கச் சொல்லும் மொழி ஒரு சமூகம் பொதுவிடத்தில் தன்னை அறிவித்துக்கொள்ளும் வழியும் ஆவதால் அதில் வியப்பில்லை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் வாய்மொழி மன்றாட்டை மொழிபெயர்ப்போர் மூன்று உரைகற்களைக் கொள்ளலாம். வினைச்சொல் சொல்வோரின் செயலாக நிற்கிறதா என்பது முதலாவது. இதனை ‘எனக்கு வேணும்’ என்பதன் வரலாறு கற்பிக்கிறது. பேசுவோரும் கேட்போரும் மாறும் இடம் இடப்பெயரால் தெளிவுறுகிறதா என்பது இரண்டாவது. பலர் கூடிச் சொல்லும்போது மூச்சும் முடிவும் ஒன்றுபடுகின்றனவா என்பது மூன்றாவது. அச்சுப்படியை மட்டும் நோக்கும் திருத்தக்குழு இம்மூன்றனுள் பின்னிரண்டை எளிதில் தவறவிடும்.

புரியாத பழஞ்சொல்லைக் காப்பதால் நம்பிக்கை வளரும் என இதனால் கொள்ளலாகாது. மக்கள் தாம் சொல்வதைப் பொருளறிந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே சவேரியார் ஒரு சொல்லைக் குறித்து மடல் எழுதினார். ஆயினும் எழுத்தறியாத் தலைமுறைக்கு அச்செபமே இலக்கியத் தமிழோடு எஞ்சியுள்ள தொடர்பாக இருக்கும் இடத்தில், சொல்லை மாற்றுவோர் அதனைச் சொல்லுக்குச் சொல் விளக்கிக் கற்பிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். முத்துக்குளித்துறையில் திருத்தமும் கற்பித்தலும் ஒரே கையில் இருந்தன. பின்னாளில் திருத்தம் குழுக்களுக்கும் கற்பித்தல் பிறர்க்கும் உரியனவாகப் பிரிந்துவிட்டன. அவ்விரண்டையும் மீண்டும் இணைப்பது பெங்களூரு போன்ற பன்மொழி நகரங்களில் தமிழ் வழிபாட்டு மொழிக்கு இன்று இன்றியமையாததாகும்.